பழைய படகு வாங்கும் சங்கத்தாரும் படகுச் சர்வேயரும்

சர்வேயர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் கிராமத்தாருக்கு நினைவு வருபவர், சங்கிலியுடன் வந்து வயல் வரப்பை அளந்து கல் நாட்டிச் செல்பவரே யாவர். கடற்றொழிலிலும் சர்வேயர் என்போர் உண்டு. அவர் அளப்பது நிலத்தையன்று, படகின் நலத்தை. ஒரு மரக்கலத்தின் அடிமுதல் மேல்தளம் வரை தட்டியும் துளைத்தும் அளந்தும் பார்த்து, அது எந்நிலையில் இருக்கிறது, எவ்வளவு செலவிட்டால் கடலுக்கு ஏற்றதாகும், என்ன விலை பெறும் என்பவற்றை எழுத்தில் தருவது அவர் தொழில். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பழைய விசைப்படகு வாங்க முற்படும்போது, படகைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டியவர் இவரேயாவர்.

கூட்டுறவுக்கும் கடற்றொழிலுக்கும் சென்னை மாகாணத்தில் நெடுநாளைய உறவு உண்டு. விவசாய பாங்குகளைப் பற்றி 1895-இலும் 1897-இலும் அறிக்கை எழுதி, 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டத்திற்கு வழிகோலிய ஸர் பிரடரிக் நிக்கல்ஸன் என்பவரே, 1907-இல் தோன்றிய மாகாண மீன்துறைக்கும் மூலபுருஷராக இருந்தார். சிக்கனமும் தொழிலறிவும் ஒருங்கே சேர்ந்தாலன்றி ஏழைத் தொழிலாளி தலையெடுக்க முடியாது என்பதை இவ்விரு முயற்சிகளும் காட்டுகின்றன. சங்கப் பணத்தில் படகு வாங்கும் காரியத்தில் அவ்விரண்டும் ஒரே நாளில் சோதனைக்கு வருகின்றன.

பொதுப்பணத்தின் பொறுப்பு

தனி மனிதன் தன் பணத்தில் படகு வாங்கி ஏமாந்தால் நஷ்டம் அவனுடையது. சங்கம் ஏமாந்தால் நஷ்டம் அங்கத்தினர் அனைவருடையதும் ஆகும். ஓர் உதாரணம் கொள்வோம். 20 அங்கத்தினர்கள் சேர்ந்து 15 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய படகு வாங்குகின்றனர். 3 லட்சம் பங்குப் பணம். 12 லட்சம் கடன். சர்வேயரின் கூலி, பயணச் செலவு, படகைக் கரையேற்றும் செலவு எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாய் ஆகுமென வைத்துக்கொண்டால், ஒருவர் தலைக்கு விழுவது 1,000 ரூபாய். அச்செலவை மிச்சப்படுத்திப் படகை வாங்கியபின், வங்குகளில் பாதி உளுத்திருப்பது தெரிந்து 4 லட்சம் ரூபாய் பழுது வேலை வந்ததெனில், ஒருவர் தலைக்கு விழுவது 20,000 ரூபாய். அத்துடன் முடிவதில்லை. படகு கரையில் கிடக்கும் மாதங்களில் மீன் இல்லை. ஆயினும் கடன் தவணை நிற்பதில்லை.

பணத்தினும் பெரிதாகிய விஷயம் ஒன்று உண்டு. படகில் செல்வோர் அங்கத்தினரும் அவர்தம் புதல்வரும் ஆவர். கரையிலிருந்து பல மைல் தொலைவில் அடிப்பலகை விலகினால் அங்கே சங்கக் கூட்டம் கூட்டி யோசிக்க அவகாசம் இராது.

அநுபவசாலிகள் போதாரோ?

ஊரில் பழுத்த ஓடாவிகள் இருக்கின்றனர். நாற்பது ஆண்டு கடலில் கழித்த ஸ்ராங்குகள் இருக்கின்றனர். அவர்களைக் கொண்டு பார்த்தால் போதாதோ என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. மரத்தைத் தட்டிய மாத்திரத்தில் அதன் வயதைச் சொல்லும் ஓடாவிகள் நம் கரையில் உண்டு. அவர்கள் அறிவைப் புறக்கணிப்பது மடமை. ஆயினும் மூன்று குறைகள் இவ்வழியில் உள்ளன.

முதலாவது, கரையோரக் கிராமங்களில் விற்பவரும் பார்ப்பவரும் பெரும்பாலும் உறவினர், அல்லது ஒரே துறையில் தொழில் செய்வோர். “மாமன் படகில் உளுப்பு இருக்கிறது” என்று பலர் முன்னிலையில் சொல்ல நல்ல மனிதனுக்கும் நா எழாது. இரண்டாவது, வாய்ச்சொல்லாகச் சொல்லப்படும் அபிப்பிராயம் பின்னர் ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு விதமாக மாறிவிடும். கடன் தரும் பாங்கும் அதை ஏற்காது. மூன்றாவது, ஓடாவி மரத்தை அறிவார். என்ஜினை அறிந்தவர் வேறொருவர். இரும்புத் தகட்டின் தேய்மானத்தை அளக்கும் கருவி இருவரிடமும் இராது. ஆதலின் ஓடாவியையும் ஸ்ராங்கையும் சர்வேயருக்கு மாற்றாகக் கொள்ளாமல், பரிசோதனை நாளில் சங்கத்தின் கண்களாக உடன் நிற்கச் செய்வதே முறை. அவர்கள் எழுப்பும் ஐயங்களுக்குச் சர்வேயர் விடை கூறட்டும்.

சர்வேயர் யாருடைய மனிதர்?

இத்தொழிலின் வரலாற்றில் சங்கத்தாருக்கு ஒரு படிப்பினை உண்டு. லண்டனில் எட்வர்டு லாயிட் என்பவரின் காப்பிக் கடையில் கூடிய கப்பல் வணிகர்களும் காப்பீட்டாளர்களும் 1760-இல் ஒரு சங்கம் அமைத்து, கப்பல்களின் நிலையைப் பதிவு செய்யத் தொடங்கினர். 1764-இல் வெளிவந்த முதற் பதிவேட்டில் ஒவ்வொரு கப்பலின் உடற்பகுதிக்கும் ஆங்கில உயிரெழுத்துக்களால் தரம் இடப்பட்டது. உயிரெழுத்துள் முதலாவதாகிய ‘ஏ’ சிறந்த தரத்தைக் குறித்தது. இன்றும் மிக உயர்ந்த பொருளை ‘ஏ ஒன்’ என்று சொல்வது அப்பதிவேட்டிலிருந்து வந்த வழக்கேயாம்.

ஆனால் அப்பதிவேடு காப்பீட்டாளர்களின் கையில் இருந்தது. கப்பல் கட்டப்பட்ட இடத்தையும் அதன் வயதையும் கொண்டே தரம் தீர்க்கும் புதுமுறை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகுத்தப்பட்டபோது, தங்களுக்கு அநீதி நேர்ந்ததாகக் கருதிய கப்பல் உடைமையாளர்கள் 1799-இல் தங்களுக்கெனத் தனிப் பதிவேடு ஒன்றை வெளியிட்டனர். காப்பீட்டாளரின் ஏடு ‘பச்சைப் புத்தகம்’ என்றும், உடைமையாளரின் ஏடு ‘சிவப்புப் புத்தகம்’ என்றும் வழங்கின. ஒரே கப்பலுக்கு இரண்டு ஏடுகள், இரண்டு நோக்கங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் போட்டியிட்டு இரண்டும் நலிந்தபின், 1834-இல் இரு திறத்தாரும் கூடி ஒரே பதிவேட்டை ஏற்படுத்திக்கொண்டனர்.

பரிசோதகர் எவருக்காகப் பார்க்கிறாரோ அவருக்கு வேண்டியதையே முதலிற் பார்ப்பார் என்பது இதனால் விளங்கும். இது குற்றமன்று, தொழிலின் இயல்பு. இன்றும் படகைப் பார்ப்போர் பல வகையினர். அரசாங்க அதிகாரி பதிவுக்காகப் பார்ப்பார். படகின் நீளமும் என்ஜின் எண்ணும் ஏட்டோடு ஒத்திருக்கின்றனவா என்பது அவர் கவலை. காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் விபத்து நேர்ந்தபின் நஷ்டத்தை மதிப்பிடுவார். அல்லது காப்புறுதி கொடுக்கலாமா என்று பார்ப்பார். பாங்கு அனுப்புபவர் ஈடாக என்ன மதிப்புப் பெறும் என்று கணிப்பார். இவர்களுள் எவரும், ‘இப்படகை இச்சங்கம் இவ்விலைக்கு வாங்கலாமா?’ என்னும் கேள்விக்கு விடை தர வந்தவரல்லர். அக்கேள்விக்கு விடை தர வாங்குவோர் கூலி கொடுத்து, வாங்குவோர் பொருட்டே அழைக்கப்பட்ட சர்வேயர் வேண்டும். சென்ற ஆண்டின் காப்பீட்டு அறிக்கையை விற்பவர் காட்டினால் அதை வாசிக்கலாம். அதனை நம்பிப் பணம் கொடுத்தல் ஆகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

நிர்வாகக் குழுவினர் இரண்டு அல்லது மூன்று சர்வேயர்களின் பெயர்களைத் திரட்டிக்கொண்டு, பின்வரும் விஷயங்களை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும்.

முதலாவது, அவர் எத்தொழிலிற் பழகியவர் என்பது. கப்பல் கட்டும் தொழில், கப்பல் பொறியியல், கப்பல் வடிவமைப்பு ஆகியவற்றுள் ஒன்றில் பயின்றவராகவும், பின்னர்ப் பல ஆண்டுகள் பரிசோதனை செய்தவராகவும் இருத்தல் நலம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் உண்டென்று ஒருவர் கூறினால், அவ்வுரிமம் எப்பிரிவுக்கு உரியது எனக் கேட்க வேண்டும். கடற்சரக்குப் பிரிவு வேறு. கலத்தின் உடற்பகுதிப் பிரிவு வேறு. நனைந்த மூட்டைகளை மதிப்பிடுவதில் வல்லவர் படகின் வங்குகளை அறிந்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை.

இரண்டாவது, வாங்கப்போகும் படகு எப்பொருளாற் செய்யப்பட்டதோ அப்பொருளில் அவருக்குள்ள பழக்கம். மரம், கண்ணாடியிழை, இரும்பு ஆகிய மூன்றும் மூன்று விதமாகக் கெடும். பெரிய இரும்புக் கப்பல்களையே பார்த்தவர்க்கு மரப்படகின் நோய் புதிதாயிருக்கலாம். மீன்பிடி படகுகளில் எத்தனை பார்த்திருக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.

மூன்றாவது, அவர் முன்னர் எழுதிய அறிக்கை ஒன்றைப் பெயர், விலாசம் நீக்கித் தரக் கேட்டு வாசித்தல். ‘படகு பொதுவில் நன்றாக இருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தில் முடியும் அறிக்கையாற் பிரயோஜனமில்லை. எந்த இடத்தில், எந்தப் பலகையில், எவ்வளவு ஆழத்தில், என்ன கோளாறு என்று எழுதுபவரே வேண்டும். அவர் பார்த்துக் கொடுத்த படகைக் கொண்டு தொழில் செய்வோர் இருவரிடமேனும் நேரில் விசாரித்தலும் வேண்டும்.

நான்காவது, சம்பந்தம். விற்பவர் பரிந்துரைக்கும் சர்வேயரையும், தரகர் தாமே அழைத்து வரும் சர்வேயரையும் அமர்த்துதல் கூடாது. அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆயினும் ஐயத்துக்கு இடமுள்ள இடத்தில் பொதுப்பணத்தை வைக்கலாகாது. பழுது வேலை செய்யும் பட்டறையில் அவருக்குப் பங்கு உண்டா என்பதையும் கேட்க வேண்டும். உண்டெனில் இல்லாத பழுதும் காணப்படக்கூடும். கூலியைப் படகு விலையில் இத்தனை விழுக்காடு என்று பேசுவதும், வியாபாரம் முடிந்தாலே கூலி என்று பேசுவதும் தவறு. வியாபாரம் முடிந்தாலும் முறிந்தாலும் ஒரே கூலி என்று முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். வாங்க வேண்டாம் என்று சொல்பவருக்கும் கூலி உண்டு என்றால்தான் அவர் அதைச் சொல்வார்.

சங்கத்துக்குள்ளேயும் இவ்விதி பொருந்தும். விற்பவருக்கு உறவினராக உள்ள அங்கத்தினர் நிர்வாகக் குழுவில் இருப்பாராயின், அவர் அதனைக் குழுவில் வெளிப்படையாகக் கூறி, இத்தீர்மானத்தில் ஓட்டளியாது ஒதுங்கி நிற்பது அவருக்கும் சங்கத்துக்கும் கௌரவம்.

பரிசோதனையிற் பார்க்க வேண்டியவை

சர்வேயர் தம் வேலையை அறிவார். எனினும் அவர் என்ன செய்கிறார் என்று சங்கத்தார் அறிந்திருந்தால், செய்யாது விட்டதையும் அறியலாம்.

நீரில் மிதக்கும் படகை மேலிருந்து பார்த்துவிட்டு எழுதும் அறிக்கை அரை அறிக்கையே. படகு கரையேற்றப்பட வேண்டும். அடியில் ஒட்டிய சிப்பியும் பாசியும் சுரண்டப்பட வேண்டும். மரப்படகில் ஏராவையும் பலகைகளையும் சுத்தியலாற் தட்டினால், நல்ல மரம் கணீரென்றும் உளுத்த மரம் மந்தமாகவும் ஒலிக்கும். ஐயமான இடத்தில் ஊசியாற் குத்திப் பார்ப்பர். உளுப்பு பெரும்பாலும் உவர்நீரில் தொடங்குவதன்று. மேல்தள இடுக்கு வழியாக இறங்கும் மழைநீரே அதற்குக் காரணம். உப்பு பூசணத்தைத் தடுக்கும், நன்னீர் வளர்க்கும். ஆகவே காற்றோட்டமில்லாத மூலைகள், உத்தரங்களின் முனைகள், மேல்தளத்தின் அடிப்பக்கம் ஆகியவை முதலிற் பார்க்கத்தக்கவை. கப்பற்புழு தின்ற மரம் வெளியே சிறு துளையாகவும் உள்ளே தேன்கூடாகவும் இருக்கும். ஆணிகள் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தால் பலகை நல்லதாயினும் படகு நல்லதாகாது. இரண்டோர் ஆணிகளைப் பிடுங்கிப் பார்க்க விற்பவரின் அநுமதி பெற வேண்டும்.

மரத்தின்மேல் கண்ணாடியிழைப் போர்வை போர்த்திய படகுகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. நல்ல மரத்தின்மேல் முறையாகப் போர்த்தினால் அது புழுவைத் தடுக்கும் கவசம். ஈர மரத்தின்மேலோ, உளுத்த மரத்தின்மேலோ போர்த்தினால் அது நோயை மறைக்கும் சட்டை. வெளியே புதுப்படகு போல் பளபளக்கும். உள்ளே மரம் மாவாகிக்கொண்டிருக்கும். இத்தகைய படகை உட்புறத்திலிருந்தே சோதிக்க வேண்டும், ஈரமானியும் துணைசெய்யும்.

கண்ணாடியிழையாலேயே கட்டிய படகில் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிதலும், நீர் ஊறிக் கொப்புளம் கிளம்புதலும் முக்கியக் கோளாறுகள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் மிகப் பலவாக அவசரத்திற் கட்டப்பட்டன. அவற்றுட் பலவற்றின் தரம் பற்றி அப்போதே ஐயங்கள் எழுந்தன. ஆகவே எந்த ஆண்டு, எந்தப் பட்டறையில் கட்டியது என்னும் கேள்வி விடை பெறாமல் இருத்தலாகாது. இரும்புப் படகாயின் ஒலியலைக் கருவியால் தகட்டின் கனத்தைப் பல இடங்களில் அளந்து, கட்டியபோது இருந்த கனத்தோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். வண்ணம் புதிதாக அடித்திருப்பது தகடு புதிது என்பதற்குச் சான்றாகாது.

என்ஜினைச் சோதிக்கும் நாளில், விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திராமல் குளிர்ந்த நிலையிலேயே கிளப்பச் செய்ய வேண்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை சுமை மிகுதியையோ எரிபொருள் சரிவர எரியாமையையோ காட்டும். வெண்புகை நீங்காது வருமாயின் உள்ளே நீர் புகுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர்ப் படகைக் கடலில் ஓட்டி, சுக்கான் இழுவையையும் தண்டின் அதிர்வையும் கவனிக்க வேண்டும்.

யாவரும் மறப்பது ஒன்று உண்டு. அது படகின் நிலைப்பாடு. கட்டியபின் பெரிய வின்ச்சு, உயர்ந்த அறை, மேல்தளத்தில் நீர்த்தொட்டி என்று ஒவ்வொன்றாக ஏற்றிய படகில் மேற்சுமை மிகுந்திருக்கும். அப்படகு மெல்ல மெல்ல ஆடும். ஏறிப் பார்ப்பவருக்கு அந்த ஆட்டம் தொட்டில் போல் இன்பமாயிருக்கும். உண்மையில் விரைவாக நிமிரும் படகே நிலைப்பாடு உள்ளது. சாய்ந்தபின் நிமிரத் தயங்கும் படகு ஒருநாள் நிமிராமலே போகக்கூடும். வலை நிறைந்து, மேல்தளத்தில் நீர் ஏறிய நேரத்தில் அந்நாள் வரும்.

கடைசியாகக் காகிதங்கள். பதிவுச் சான்றில் உள்ள பெயர், நீளம், என்ஜின் எண் ஆகியவை படகில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பாங்குக் கடனோ வேறு பாத்தியதையோ படகின்மேல் உண்டா என்பதைச் சர்வேயர் தீர்மானிக்க முடியாது; அது சங்கத்தார் தனியே விசாரிக்க வேண்டிய விஷயம்.

காலமும் நிபந்தனையும்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. அக்காலத்தில் படகுகள் பழுது பார்க்கக் கரையேற்றப்படுவதால், பரிசோதனைக்கு அதுவே தக்க சமயம். ஆனால் வண்ணம் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டும். அடித்தபின் பார்ப்பதாற் பாதிப் பயனே உண்டு.

முன்பணம் கொடுக்கும்போதே, ‘சங்கம் அமர்த்தும் சர்வேயரின் அறிக்கை திருப்தியளிக்காவிடில் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்க வேண்டும். இவ்வாசகத்திற்கு விற்பவர் சம்மதியாராயின், அதுவே சர்வேயர் வருமுன் கிடைத்த முதல் அறிக்கை எனக் கொள்ளலாம்.

அறிக்கையை வாசித்தல்

அறிக்கை வந்தவுடன் விலையைக் குறித்த கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பது வழக்கம். முழுவதும் பொதுக்குழுவில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். காணப்பட்ட குறைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்: கடலுக்குச் செல்லுமுன் தீர்க்க வேண்டியவை, ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டியவை, கவனித்துக்கொண்டே வரவேண்டியவை. முதல் வகைக்கு ஆகும் செலவை விலையிற் குறைக்குமாறு கேட்க நியாயம் உண்டு. ‘பார்க்க இயலவில்லை’ என்று எழுதப்பட்ட இடங்களே மிக முக்கியம். பனிக்கட்டி அறையின் அடிப்பகுதி மூடியிருந்தது, எரிபொருள் தொட்டியின் பின்புறம் எட்டவில்லை என்பன போன்ற வாக்கியங்கள், அங்கே குறை இல்லை என்று சொல்பவையல்ல. அங்கே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது என்பனவேயாம். அவ்விடங்களைத் திறந்து காட்டும்படி கேட்பது சங்கத்தின் உரிமை.

அறிக்கை பரிசோதித்த நாளின் நிலையையே கூறும். ஆண்டுக்கணக்கான உத்தரவாதம் அன்று. ஆயினும் அது சங்கத்தின் தஸ்தாவேஜுகளில் பத்திரமாக இருந்தால், ஒவ்வோராண்டும் பழுது பார்க்கும்போது எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாகப் பயன்படும்.

நல்ல சர்வேயர் சில சமயம் சங்கத்தாருக்கு அதிருப்தி தருவார். எல்லோரும் ஆசைப்பட்ட படகை வேண்டாம் என்பார். பல நாள் அலைந்தது வீணாயிற்று என்று அங்கத்தினர் முணுமுணுப்பர். அந்நாளில் அவருக்குப் பேசிய கூலியைக் குறையாமற் கொடுத்து, மரியாதையுடன் வழியனுப்பி, வேறு படகு தேடும் சங்கமே பொதுப்பணத்தைக் காக்க அறிந்த சங்கம். வாங்காமல் விட்ட படகுக்கு எவரும் தவணை கட்டுவதில்லை. அதிற் கடலுக்குச் சென்றவர் வரவை எதிர்நோக்கி எந்த வீட்டாரும் கரையில் நிற்பதுமில்லை.